ஏழாம் வார்டின் பள்ளி: செயின்ட் அகஸ்டினுக்கு யார் சொந்தக்காரர்?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள நியூ ஆர்லியன்ஸில் உள்ளூர்க்காரர்கள் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால் சீக்கிரமே வந்துவிடும் கேள்வி, "எங்கே படித்தீர்கள்?" என்பது. அந்த ஊரில் இது கல்லூரியைப் பற்றிய விசாரிப்பு அல்ல. எந்த உயர்நிலைப் பள்ளி என்றுதான் கேட்கிறார்கள். பதிலை வைத்தே எந்தப் பேட்டை, எந்தப் பங்குக் கோவில், வீட்டில் எவ்வளவு வசதி என்பதையெல்லாம் ஊகித்துவிடுவார்கள். கத்தோலிக்கப் பள்ளிகள் நிறைந்த அந்த நகரத்தில் "செயின்ட் ஆக்" என்று ஒருவர் பதில் சொன்னால், எதிரில் இருப்பவருக்கு ஊதா, தங்க நிறச் சீருடையும் தெருவையே அதிரவைக்கும் பேண்டும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

செயின்ட் அகஸ்டின் உயர்நிலைப் பள்ளி 1951 இல் தொடங்கியது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் எல்லாமே தனித்தனி என்று சட்டம் சொன்ன காலத்தில், கறுப்பினப் பையன்களுக்கென்று கட்டப்பட்ட தனியார் கத்தோலிக்கப் பள்ளி அது. கட்டடமும் குருக்களும் திருச்சபை தந்தவை. அதன் பெயரையும் பெருமையையும் உண்டாக்கியவர்கள் அங்கே பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களும், படித்து முடித்தும் பள்ளியை விட்டு விலகாத பழைய மாணவர்களும். அப்படியானால் ஒரு கத்தோலிக்கப் பள்ளி யாருடையது? பேராயருடையதா, நடத்தும் துறவற சபையுடையதா, அந்தக் குடும்பங்களுடையதா? பல கத்தோலிக்கப் பள்ளிகளில் இந்தக் கேள்வி எழாமலே காலம் ஓடிவிடும். செயின்ட் அகஸ்டினில் 2011 இல் அது வீதிக்கே வந்தது. ஏன் வந்தது என்று புரிய அந்த ஊரின் பழைய கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் கறுப்பினத்தவர் என்றால் பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் சபைகள்தான் பொதுவாக நினைவுக்கு வரும். லூசியானாவின் கதை வேறு. அது பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்தபோது, 1724 இல் அங்கே நடைமுறைக்கு வந்த அடிமைச் சட்டம், அடிமைகளுக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. கொடுமையான சட்டம்தான். ஆனால் அதன் வழியாக வந்த மதத்தை அந்த மக்கள் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். அடிமைத்தனம் ஒழிவதற்கு முன்பே சுதந்திரமாக வாழ்ந்த கலப்பினக் கிரியோல் குடும்பங்களும் நகரத்தில் ஏராளம். அவர்களுடைய பெரிய குடியிருப்புகளில் ஒன்று ஏழாம் வார்டு. கொத்தனார், தச்சர், சுவர்ப்பூச்சுக்காரர் எனத் தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழில் செய்தவர்கள். வீட்டில் பிரெஞ்சு, ஞாயிறன்று திருப்பலி. 1892 இல் ரயிலில் வெள்ளையர் பெட்டியில் வேண்டுமென்றே ஏறி உட்கார்ந்து கைதான ஹோமர் பிளெஸ்ஸி இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்தான். செருப்புத் தைக்கும் தொழிலாளி. அவருடைய வழக்கில்தான் 1896 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் "தனித்தனியே, ஆனால் சமமாக" என்ற கோட்பாட்டுக்கு முத்திரை குத்தியது.

தனித்தனி என்பது நடந்தது. சமம் நடக்கவில்லை. கல்வியை மட்டும் பார்த்தாலே போதும். 1900 இல் நியூ ஆர்லியன்ஸ் பள்ளி வாரியம் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் அரசுப் பள்ளியே கிடையாது என்று முடிவு செய்தது. மெக்டோனோ 35 என்ற அரசு உயர்நிலைப் பள்ளி அவர்களுக்குக் கிடைக்க 1917 வரை ஆயிற்று. இந்த வெற்றிடத்தில் வேலை செய்தவர்கள் கன்னியர்கள். ஹென்ரியட் டெலீல் என்ற கிரியோல் பெண் 1842 இல் தொடங்கிய திருக்குடும்ப சபைக் கன்னியர்கள் 1867 இல் பெண்பிள்ளைகளுக்காக செயின்ட் மேரிஸ் அகாடமியை நிறுவினார்கள். ஃபிலடெல்ஃபியாவின் பெரும் வங்கிக் குடும்பத்தில் பிறந்து துறவியான கேத்தரின் டிரெக்ஸல் 1915 இல் சேவியர் பிரெப் பள்ளியைத் தொடங்கினார். அதிலிருந்துதான் பின்னால் சேவியர் பல்கலைக்கழகம் வளர்ந்தது. பிற்காலத்தில் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஊரின் வெள்ளைப் பையன்களுக்கோ இயேசு சபையினரின் பள்ளி 1847 இலேயே இருந்தது.

செயின்ட் அகஸ்டினைக் கட்ட நிதி திரட்டியவர் பேராயர் ஜோசப் ரம்மல். ஜெர்மனியில் பிறந்து, 1935 முதல் 1964 வரை நியூ ஆர்லியன்ஸ் உயர்மறைமாவட்டத்தை நடத்தியவர். இவருடைய வரலாற்றில் ஒரு முரண் உண்டு. 1951 இல் கறுப்பினப் பையன்களுக்கென்று தனிப் பள்ளி திறக்கிறார். இரண்டே ஆண்டில், 1953 இல், கோவில் இருக்கைகளிலும் நற்கருணை வாங்குமிடத்திலும் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் இனி இனப் பாகுபாடு கூடாது என்று சுற்றுமடல் எழுதுகிறார். அதுவரை கறுப்பினக் கத்தோலிக்கர் பின்வரிசையில்தான் உட்கார வேண்டும். நற்கருணைக்குக் கடைசியில்தான் வர வேண்டும். 1956 இல் இனப் பிரிவினை ஒழுக்கக்கேடு, பாவம் என்றே அறிவித்தார். ஆனால் தன் பள்ளிகளின் கதவை எல்லாருக்கும் திறந்தது 1962 இல்தான். எதிர்த்துக் கிளம்பிய மூன்று பேரை அந்த ஆண்டு திருச்சபையிலிருந்து விலக்கியும் வைத்தார்; அவர்களில் ஒருவர் லூசியானாவின் அரசியல் பெரும்புள்ளி லியாண்டர் பெரெஸ். துணிச்சல் இருந்தது, சந்தேகமில்லை. ஆனாலும் பாவம் என்று சொன்னதற்கும் அதை நிறுத்தியதற்கும் நடுவில் ஆறு ஆண்டுகள் போயின. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறைப் பையன்கள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டார்கள். ஏழாம் வார்டுக்காரர்கள் பேராயர்களை மதித்தாலும் முழுக்க நம்பி உட்காராததற்கு இந்த அனுபவமே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

பள்ளியை நடத்த வந்தவர்கள் ஜோசஃபைட் குருக்கள். இங்கிலாந்தின் மில் ஹில்லில் தொடங்கிய சபை அது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலையடைந்த கறுப்பின மக்களிடையே பணியாற்ற 1871 இல் பால்டிமோருக்கு வந்தார்கள். 1893 இல் தனிச் சபையானார்கள். இன்றுவரை அவர்களுடைய ஒரே வேலை ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடையேதான். ஆனால் அந்தக் குருக்களில் மிகப் பெரும்பாலோர் நெடுங்காலம் வெள்ளையர்களாகவே இருந்தார்கள். செயின்ட் அகஸ்டினின் முதல் முதல்வர் மேத்யூ ஓ'ரூர்க்கும் ஜோசஃபைட் குருதான். பள்ளிக்கு வைத்த பெயரில் ஒரு பொருத்தம் உண்டு. புனித அகுஸ்தினார் வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர். தறிகெட்டுத் திரிந்த மகனுக்காக ஆண்டுக்கணக்கில் அழுது செபித்த தாய் மோனிக்காவின் கதை நம்மூர்க் கோவில்களிலும் சொல்லப்படுவதுதான்.

பள்ளி இருக்கும் தெரு அப்போது லண்டன் அவென்யூ. இப்போது ஏ. பி. டூரோ அவென்யூ. லூசியானாவில் பள்ளிப் பிரிவினைக்கு எதிராக வழக்குமேல் வழக்குப் போட்டு நடத்திய கறுப்பின வழக்கறிஞர் டூரோ, அவரும் கத்தோலிக்கர்தான்.

உள்ளே எப்படி நடத்தினார்கள்? கண்டிப்பாக. முடி ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், தாடி மீசை கூடாது, சீருடையில் குறை இருக்கக் கூடாது, வீட்டுப்பாடம் முடித்திருக்க வேண்டும். தவறினால் அடி. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. வெளியே இருக்கும் உலகம் இந்தப் பையனிடம் ஒரு சின்னக் குறை கண்டாலும் கதவை மூடிவிடும்; ஆகவே குறையே இல்லாதவனாக அவனை வெளியே அனுப்ப வேண்டும். பெற்றோர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். வடக்கு மாநிலங்களின் பெயர்பெற்ற கல்லூரிகளுக்குப் பையன்கள் போகத் தொடங்கினார்கள். 1986 முதல் 1994 வரை நகர மேயராக இருந்த சிட்னி பார்த்தலமி இங்கே படித்தவர். கூடைப்பந்து வீரர் ஏவரி ஜான்சன் இங்கே படித்தவர். 1983 இல் அவர் ஆடிய பள்ளி அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மாநிலப் பட்டம் வாங்கியது. ஜான் பாட்டிஸ்டும் இங்கே படித்தவர்தான். 2022 இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை அவருக்கு வாங்கித் தந்த தொகுப்பில், ஒரு பாட்டில் இந்தப் பள்ளியின் பேண்டும் சேர்ந்து வாசித்திருக்கிறது.

அந்த பேண்டைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் மார்ச்சிங் 100. பள்ளி தொடங்கிய சிறிது காலத்திலேயே பேண்டு மாஸ்டராக வந்த எட்வின் ஹாம்ப்டன் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதை நடத்தினார். 2009 இல் காலமானார். நியூ ஆர்லியன்ஸில் பேண்டு என்பது பள்ளி ஆண்டுவிழாவுக்கு வாசிக்கிற குழு மட்டுமல்ல. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள் கொண்டாடும் மார்டி கிரா பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் ஊரே தெருவில் நிற்கும். ஊர்வலத்துக்கு ஊர்வலம் பள்ளி பேண்டுகள் மணிக்கணக்கில் நடந்துகொண்டே வாசிக்கும். எந்தப் பள்ளியின் வரிசை நேராக இருந்தது, எந்தப் பள்ளியின் டிரம் எடுப்பாக இருந்தது என்று மறுநாள் வீடுவீடாகப் பேச்சு நடக்கும். பையன் டிரம்பெட் வாசிக்கிறான் என்பதற்காகவே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் உண்டு.

பண்டிகை நாளன்று வரும் ஊர்வலங்களில் பெரிய மதிப்புடையது ரெக்ஸ். 1872 இல் தொடங்கியது. நகரத்தின் வெள்ளைப் பெருந்தனக்காரர்களுடையது. அந்த வகை ஊர்வலங்களில் கறுப்பினத்தவருக்கு நெடுங்காலமாக இருந்த இடம், தீப்பந்தம் தூக்குவதும் கோவேறு கழுதைகளை ஓட்டுவதும்தான். 1967 இல் ரெக்ஸ் ஊர்வலத்தில் நடக்க செயின்ட் அகஸ்டின் பேண்டுக்கு அழைப்பு வந்தது. அதில் நடந்த முதல் கறுப்பினப் பேண்டு அதுதான். அந்த ஆண்டு மார்டி கிரா பிப்ரவரி 7 அன்று வந்தது.

அன்று நடந்ததை அந்த வரிசையில் இருந்தவர்கள் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்திலிருந்து வசவு வந்தது. எச்சில் வந்தது. போத்தல்கள் வந்தன. அதைவிட மோசமானவையும் மேலே விழுந்தன. என்ன நடந்தாலும் வரிசை குலையக் கூடாது, யாரும் திருப்பிக் கைநீட்டக் கூடாது என்பது ஹாம்ப்டன் போட்டிருந்த கட்டளை. இதைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். டிரம்பெட் ஊதுகிற பையனுக்குப் பதினைந்து, பதினாறு வயது. இரண்டு கையும் கருவியில் இருக்கிறது, வாயும் கருவியில் இருக்கிறது. முகத்தில் விழுந்ததைத் துடைக்க வழியில்லை. தலையைத் திருப்பினால் வரிசை கெடும். நின்றால் பின்னால் வருகிறவன் மோதுவான். மூச்சைச் சீராக இழுத்தால்தான் அடுத்த சுரம் வரும். இந்த நிலையில் மைல்கணக்கில் நடந்து, பாட்டைத் தப்பில்லாமல் முடித்தார்கள். பள்ளிக்குள் அவர்கள் பழகிய கட்டுப்பாடு அன்றைக்குத் தெருவில் வேலைக்கு வந்தது. கண்டிப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் பழைய மாணவர்களின் குரலில் ஒரு பெருமிதம் வருகிறதே, அது இந்த மாதிரி நாட்களிலிருந்து வருவது.

ஊர்வலச் சங்கங்கள் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற நகரச் சட்டம், மாமன்ற உறுப்பினர் டோரத்தி மே டெய்லரின் முயற்சியால் 1990களின் தொடக்கத்தில்தான் வந்தது. சட்டத்துக்கு ஏறத்தாழ 25 ஆண்டுகள் முன்பே இந்தப் பையன்கள் நடந்துவிட்டார்கள். 1987 இல் இரண்டாம் ஜான் பால் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தபோது போப்பாண்டவர் முன்னாலும் இதே பேண்டு வாசித்தது.

அதே 1967 இல் இன்னொரு சண்டை நீதிமன்றத்தில் நடந்தது. லூசியானா உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தில் வெள்ளையர் பள்ளிகள் மட்டுமே இருந்தன. கறுப்பினப் பள்ளிகளுக்கு வேறு சங்கம், வேறு பட்டம். செயின்ட் அகஸ்டின் வெள்ளையர் சங்கத்துக்கே விண்ணப்பம் போட்டது. சங்கம் என்ன செய்தது தெரியுமா? விதியையே மாற்றியது. புதிய பள்ளியைச் சேர்க்க வேண்டுமானால் உறுப்பினர் பள்ளிகள் வாக்களிக்க வேண்டும் என்றது. வாக்கெடுப்பில் செயின்ட் அகஸ்டின் தோற்றது. பள்ளி வழக்குப் போட்டது.

வழக்கின் முடிச்சு சுவாரசியமானது. எங்களுடையது தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம் என்பது அவர்கள் வாதம். உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகள், போட்டிகள் நடப்பது அரசு மைதானங்களில், எனவே இது அரசின் செயலேதான் என்று நீதிமன்றம் சொன்னது. அரசின் செயல் என்றால் அரசியலமைப்பு தரும் சம உரிமை இங்கும் செல்லும். 1967 இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பள்ளி ஜெயித்தது. 1968 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் அரசுக்குக் கட்டுப்பட்டவையா என்ற கேள்வி எழும்போது பிற்கால வழக்குகளிலும் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுவார்கள். ஒரு தனியார் கத்தோலிக்கப் பள்ளி தனக்காகப் போட்ட வழக்கு, மற்றக் கறுப்பினப் பள்ளிகளுக்கும் வழியைத் திறந்தது. அப்புறம் 1975, 1978, 1979 ஆண்டுகளில் கால்பந்தில் (அமெரிக்கக் கால்பந்து) மாநிலப் பட்டமும் வாங்கினார்கள். இப்போது ஊரின் கத்தோலிக்கப் பள்ளிகளோடு ஆண்டுதோறும் மோதுகிறார்கள். எதிரணிகளில் ஒன்றின் பெயர் பேராயர் ரம்மல் உயர்நிலைப் பள்ளி.

கதவுகள் திறந்தது நல்லதுதான். ஆனால் திறந்த கதவு வழியாகச் செயின்ட் அகஸ்டினுக்கு வரவேண்டிய பிள்ளைகளும் வேறு இடங்களுக்குப் போகலாம் என்று ஆயிற்று. முன்பு வேறு வழியில்லாமல் வந்த குடும்பங்களும் இருந்தன. இனி விரும்பி வருகிறவர்கள் மட்டும்தான். பேட்டையும் மாறியது. 1960களில் கிளெய்போர்ன் அவென்யூவின் நெடிய ஓக் மரங்களை வெட்டி, ஏழாம் வார்டையும் பக்கத்து டிரேமேயையும் பிளந்துகொண்டு மேம்பாலச் சாலை போட்டார்கள். கடைகள் போயின, மார்டி கிரா நாளில் குடும்பங்கள் பாய் விரித்து உட்காரும் நிழலும் போயிற்று. வசதி வந்தவர்கள் நகரின் கிழக்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். குருக்களின் எண்ணிக்கையும் குறைந்தது. அங்கி போட்டவர்கள் நடத்திய வகுப்புகளை மெல்ல மெல்லப் பொதுநிலையினர் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் இதே பள்ளியில் படித்தவர்கள். இது முக்கியமான மாற்றம். கட்டடத்தின் பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், நிர்வாகத்தின் அன்றாட உயிர் பழைய மாணவர்களின் கைக்கு வந்துகொண்டிருந்தது.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் வந்தது. வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து நகரத்தின் ஏறத்தாழ 80 சதவீதம் நீரில் மூழ்கியது. செயின்ட் அகஸ்டினும் மூழ்கியது. மாணவர்களும் ஆசிரியர்களும் ஹூஸ்டன், அட்லாண்டா என்று சிதறிப்போனார்கள். அப்போது மூன்று கறுப்பினக் கத்தோலிக்கப் பள்ளிகள் ஒன்றுசேர்ந்தன. செயின்ட் மேரிஸ், செயின்ட் அகஸ்டின், சேவியர் பிரெப். மூன்றின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்து 'மேக்ஸ்' என்று பெயர் வைத்து, மேகஸின் தெருவில் தப்பிப் பிழைத்த சேவியர் பிரெப் வளாகத்தில் 2006 ஜனவரியில் வகுப்புகளைத் தொடங்கினார்கள். தலைமுறைகளாகப் பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி என்று நடந்தவர்கள் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 28 அன்று மார்டி கிரா. பாதி ஊர் இன்னும் பாழடைந்து கிடந்தது. ஊர்வலம் வேண்டுமா என்றே வாக்குவாதம். எத்தனையோ பள்ளிகள் திறக்கவே இல்லாத அந்தப் பருவத்தில் மூன்று பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்த மேக்ஸ் பேண்டு தெருவில் இறங்கியது. ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் பேண்டுச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஊர் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை.

அடுத்த கல்வியாண்டில் செயின்ட் அகஸ்டின் தன் இடத்துக்குத் திரும்பியது. தானாகத் திரும்பவில்லை. வீடிழந்த குடும்பங்களும் பழைய மாணவர்களும் தோள்கொடுத்ததால் திரும்பியது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும்.

அடி. பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அகலமான மரப்பலகையால் பின்புறத்தில் அடிப்பது அங்கே வழக்கம். அமெரிக்காவின் கத்தோலிக்கப் பள்ளிகள் அநேகமாக எல்லாமே அதைக் கைவிட்டுப் பல காலம் ஆன பிறகும் செயின்ட் அகஸ்டின் விடவில்லை. ஜோசஃபைட் சபைத் தலைமை வெளியிலிருந்து ஒரு நிபுணரை வைத்து விசாரித்து, இதை நிறுத்தச் சொன்னது. 2009 இல் பேராயராக வந்த கிரகரி ஏமண்டும் திருச்சபையின் போதனைக்கு இது ஒவ்வாது என்றார்; பெற்றோர் சிலர் தன்னிடம் முறையிட்டதாகவும் சொன்னார். 2011 பிப்ரவரியில் பள்ளியில் பொதுக்கூட்டம் நடந்தது. அரங்கம் நிறைந்த கூட்டம். பேராயர் மேடையில் இருக்க, பெற்றோரும் பழைய மாணவர்களும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து மரப்பலகைக்காகப் பேசினார்கள். மார்ச்சில் மாணவர்களும் பழைய மாணவர்களும் ஊர்வலமாகப் பேராயர் அலுவலகத்துக்கே போனார்கள். பள்ளியின் அப்போதைய தலைவர் இதே பள்ளியில் படித்த கறுப்பினக் குரு; அவர் குடும்பங்களின் பக்கம் நின்றார். சபை அவரைப் பதவியிலிருந்து எடுத்தது. பள்ளியின் உள்ளூர் நிர்வாகக் குழு நீதிமன்றம் போனது.

அடி வேண்டும் என்று மாணவர்களே ஊர்வலம் போனது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புதிராக இருந்தது. "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று சொல்லி வளர்த்த நமக்கு அது அவ்வளவு புதிராக இருக்காது. ஆனாலும் அந்தப் பழமொழியோடு இதை முடித்துவிடக் கூடாது. அன்று பேசியவர்களின் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது பலகை அல்ல. எங்கள் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று எங்களைக் கேட்காமல் முடிவெடுக்க நீங்கள் யார் என்பதுதான். நீதிமன்றத்தில் ஜெயித்தவர்கள் நாங்கள், எச்சிலைத் தாங்கி நடந்தவர்கள் நாங்கள், வெள்ளத்திலிருந்து பள்ளியை மீட்டவர்கள் நாங்கள். தெருவில் போலீஸ்காரனோ துப்பாக்கிக்காரனோ எங்கள் பையனைக் கையாளுவதற்கு முன்னால், அவன்மேல் அன்புள்ள ஒருவர் கண்டித்துத் திருத்தட்டும் என்பது பல தாய்மார்களின் வாதம். அந்தப் பயம் பொய்யில்லை. நியூ ஆர்லியன்ஸ் அந்த ஆண்டுகளில் கொலைகள் மிகுந்த நகரம்.

எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு. அடிப்பது தவறு. அன்புள்ளவர் அடித்தாலும் தவறுதான். சாட்டையின் நினைவு தலைமுறைகளாக இருக்கிற ஒரு மக்களின் பிள்ளைகளை அடிப்பது இன்னும் வேதனையானது. பேராயர் சொன்ன முடிவு சரி. அந்த முடிவு வந்த வழி சரியில்லை. வேறு ஊரில் இருக்கும் சபைத் தலைமையும் நகரத்துப் பேராயரும் அறுபது ஆண்டு உழைத்த ஒரு சமூகத்துக்கு உத்தரவு போட்டால், 1962 வரை காத்திருக்கச் சொன்ன அதே குரல்தான் அவர்கள் காதில் விழும். பள்ளிக் குடும்பங்களிடமே நேரம் எடுத்துப் பேசியிருந்தால் பலகை போயிருக்கும். இத்தனை காயம் மிஞ்சியிருக்காது. வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. பலகை திரும்பி வரவில்லை.

பத்தாண்டு கழித்து இன்னொரு விதி மாறியது. 2021 இல், நீண்ட சடைமுடியும் பின்னல் முடியும் வைத்துக்கொள்ளலாம் என்று பள்ளி அறிவித்தது. 70 ஆண்டுகளாக ஒட்ட வெட்டிய முடிதான் ஒழுக்கம் என்று இருந்த இடம் அது. கறுப்பினத்தவரின் இயல்பான முடியை அலங்கோலம் என்று பார்த்தது வெள்ளையர் உலகம். அந்த உலகத்துக்காகப் பையனைத் தயார்செய்த காலத்தில் பிறந்த விதி. இந்த முறை மாற்றம் உள்ளேயிருந்து வந்தது. பழைய மாணவர்களில் சிலர் முணுமுணுத்தாலும் வீதிக்கு யாரும் வரவில்லை. இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 2011 இன் சண்டை பலகையைப் பற்றியது மட்டுமல்ல என்பது இன்னும் தெளிவாகத் தெரியும்.

சரி, உரிமை என்று பேசினால் செலவைப் பற்றியும் பேச வேண்டும். கட்டணம் வாங்கும் பள்ளி இது. ஆனால் வருகிற குடும்பங்களில் பலருக்கு முழுக் கட்டணம் கட்ட முடியாது. அந்தப் பள்ளத்தை நன்கொடைதான் நிரப்ப வேண்டும். முன்பு குருக்கள் சம்பளம் பார்க்காமல் உழைத்தது ஒரு பெரிய மறைமுக நன்கொடை; அது இப்போது இல்லை. ஜோசஃபைட் சபைக்கே அமெரிக்காவில் குருக்களாக வரும் இளைஞர்கள் அரிதாகி, நைஜீரியாவிலிருந்து இளைஞர்கள் வந்து சேர்கிறார்கள்.

இந்த நிலையில் கைவிடப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. கத்ரீனாவுக்குப் பின் மூன்று பள்ளிகளுக்கும் இடம் கொடுத்த அதே சேவியர் பிரெப்பை மூடப்போவதாக 2013 இல் அதை நடத்திய கன்னியர் சபை அறிவித்தது. பழைய மாணவிகள் பணம் திரட்டினார்கள். வளாகத்தை வாங்கினார்கள். அதே ஆண்டிலேயே புனித கேத்தரின் டிரெக்ஸல் பிரெப் என்ற பெயரில் பள்ளியைத் திறந்தார்கள். சபையின் பெயரில் இருந்த பத்திரம் அந்தப் பெண்கள் கைக்கு வந்தது. கட்டணக் கணக்கும் கூரை ஒழுகலும் ஆசிரியர் சம்பளமும் கூடவே வந்தன.